பூண்டுப் பொடி நீலமான நாள்

முதலில் வந்தது அரிப்பு. கொசுக்கடியும் இல்லை, வேர்க்குருவும் இல்லை. தோலுக்கு அடியில் எறும்பு ஊர்வதுபோல இருக்கும். சொறிந்தால் தோல்தான் கிழியுமே தவிர அரிப்பு அடங்காது. 2011இல் சிதம்பரத்தில் விடுதியில் தங்கி எம்.எஸ்சி. வேதியியல் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் சேரவில்லை என்று நினைத்து சோப்பை மாற்றினேன். பிறகு கால் வீங்கியது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. ஒரு ரூபாய் நாணயத்தை நாக்குக்கடியில் அடக்கி வைத்திருப்பதுபோல வாயில் எந்நேரமும் ஓர் உலோகச் சுவை.

இப்போது ஓராண்டு ஆகிறது. நோய் தீரவில்லை, ஓரிடத்தில் நிற்கிறது. நிற்கும்போதே எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். என்னைப்போலப் பரிசோதனைச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, அதிலுள்ள எண்களைப் பார்த்து உள்ளங்கை வியர்த்துப்போய் வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களுக்காக.

விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தபோது கடலூரில் ஸ்கேன் எடுத்தார்கள். வயிற்றில் குளிர்ந்த பசையைத் தடவிக் கருவியை ஓட்டிய பெண் முதலில் ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். திடீரென்று பேச்சை நிறுத்திவிட்டாள். அந்த மௌனத்தில்தான் எனக்குப் பயம் பிடித்தது. அதன் பிறகு அது என்னை விட்டுப் போகவே இல்லை.

இரண்டு சிறுநீரகங்களும் சுருங்கியிருந்தன. குழந்தையாக இருந்ததிலிருந்தே சிறுநீர் பின்னோக்கி ஏறி, கொஞ்சம் கொஞ்சமாகத் தழும்பாக்கியிருக்க வேண்டும் என்றார் சிதம்பரத்து மருத்துவமனையில் வாரம் இரண்டு நாள் பார்க்கும் சிறுநீரக மருத்துவர். நிதானமாகப் பேசும் பெண்மணி. கிரியாட்டினின் என்பது தசைகளிலிருந்து வரும் கழிவு. சிறுநீரகம் அதை வெளியேற்ற வேண்டும். வெளியேற்றாவிட்டால் ரத்தத்தில் ஏறும். என்னுடையது ஏறியிருந்தது. ஆனால் அவர் பேனாவால் வட்டம் போட்டது வேறோர் எண்ணை. சீரம் பாஸ்பரஸ் 7.2. நாலரையைத் தாண்டக் கூடாது.

"வேதியியல்தானே படிக்கிற? பாஸ்பேட்னா உனக்கு நான் சொல்லத் தேவையில்ல" என்றார்.

தேவையில்லைதான். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசல் தாண்டியவள் நான் ஒருத்தி. அப்பாவுக்குக் கடல். அம்மா செங்கேணிக்குத் தலையில் மீன்கூடை. சுனாமிக்குப் பிறகு கட்டிக்கொடுத்த வீட்டில், கரண்ட் இணைப்பு வருவதற்கு முன்பே சிம்னி விளக்கில் பிளஸ் டூ படித்தவள் நான். அந்தப் பெருமை எனக்கு எப்போதும் கழுத்துவரை இருந்தது. அந்த வருடம் நான் எடுத்திருந்த ஆய்வுத் தலைப்பே அன்றாட உணவுப் பொருள்களில் பாஸ்பேட் அளவைக் கண்டறிவது. என் ரத்தத்தில் ஏறிக்கொண்டிருந்ததைத்தான் நான் சோதனைக்குழாயில் அளந்துகொண்டிருந்தேன்.

தெரிந்திருந்ததால் பயம் இரண்டு மடங்கானது. கால்சியம் குளோரைடு கரைசல் தண்ணீர்போலத் தெளிவாக இருக்கும். சோடியம் பாஸ்பேட் கரைசலும் அப்படித்தான். ஒன்றில் மற்றொன்றை விட்டால், அந்த நொடியே பால்போலக் கலங்கி, வெள்ளையாக அடியில் படியும். பள்ளிப் பிள்ளைகளும் செய்து பார்க்கலாம். மருத்துவர் சொன்னது அதையேதான். ரத்தத்தில் பாஸ்பேட் அதிகமாக இருந்தால் கால்சியத்தோடு சேர்ந்து ரத்தக் குழாய்களில் படியும், இதயத்திலும் படியும். கழுத்திலுள்ள நான்கு குட்டிச் சுரப்பிகள் பதறிப்போய் எலும்பிலிருக்கும் கால்சியத்தைக் கரைத்து எடுக்கும். எலும்பு மெலியும், குழாய் கல்லாகும். அன்றிலிருந்து மணிக்கட்டில் நாடியைத் தொட்டுப் பார்ப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. உள்ளே வெள்ளையாக ஏதோ இறங்கிக்கொண்டே இருப்பதாகத் தோன்றும்.

"பாஸ்பேட் ஒண்ணு மட்டுமே எல்லாத்தையும் முடிவு பண்ணிடாது. ஆனா அது இறங்குனா இந்த கிட்னிய வெச்சு இன்னும் கொஞ்ச வருஷம் ஓட்டலாம். ஏறிட்டே போச்சுன்னா டயாலிசிஸுக்குத் தயாராவணும்" என்றார் மருத்துவர். பிறகு ஒரு உணவுப் பட்டியலும் ஒரு மாத்திரையும் எழுதினார். வெள்ளையான பெரிய கால்சியம் மாத்திரை. வேளைக்கு ஒன்று, சாப்பாட்டோடு, மென்று.

பட்டியலை இங்கே சுருக்கமாகச் சொல்கிறேன். பால், தயிர், முட்டையின் மஞ்சள், ஈரல், முள்ளோடு சாப்பிடும் சின்ன மீன், கருவாடு, நிலக்கடலை எல்லாவற்றிலும் பாஸ்பேட் அதிகம். பருப்பிலும் உண்டு. ஆனால் தானியத்திலும் பருப்பிலும் இருப்பது கட்டுண்டு கிடப்பதால் குடல் அதில் ஒரு பகுதியைத்தான் எடுத்துக்கொள்ளும். ரசாயனமாகச் சேர்க்கப்படுவதுதான் மோசம். கறுப்பு நிறக் குளிர்பானங்களில் பாஸ்பாரிக் அமிலம் இருக்கும். டப்பாவில் வரும் பாலாடைக்கட்டி இளகி ஒன்றாக இருக்க சோடியம் பாஸ்பேட் சேர்ப்பார்கள். சில பேக்கிங் பவுடர்களில் கால்சியம் பாஸ்பேட். இவை அப்படியே ரத்தத்துக்குப் போய்ச் சேரும்.

ஊருக்குப் போய் இதையெல்லாம் அம்மாவுக்கு நான் விளக்கவில்லை. அதுதான் நான் செய்த முதல் தவறு.

"இன்னா சீட்டு அது? இன்னா துன்னணும், இன்னா துன்னக்கூடாதுன்னு படிச்சுச் சொல்லேன் பாப்பா" என்று கேட்டாள்.

"உப்பு, கருவாடு, பாலு ஆகாது. மீதிய நான் பாத்துக்குறேன்."

"மாத்திர எதுக்கு?"

"எலும்புக்கு. கால்சியம். வுடும்மா, சொன்னா உனக்குப் புரியாது."

அம்மா அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. 'எலும்புக்கு' என்ற ஒரு சொல்லை மட்டும் முந்தானையில் முடிந்துகொண்டாள்.

தெருவில் செய்தி பரவியது. "படிச்சுப் படிச்சு ஒக்காந்தே கெடந்து கிட்னி போச்சாம்" என்று பேசிக்கொண்டார்கள். பார்க்க வந்தவர்கள் யாரும் வெறுங்கையோடு வரவில்லை. பாலில் கலக்கும் சத்துமாவு பாட்டில்கள் அலமாரியில் ஐந்து சேர்ந்தன. அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, முட்டை ஒரு அட்டை நிறையக் கொண்டுவந்தார்.

"மாமா, எனக்கு முட்டை ஆகாது."

"ஆகாதா? அப்ப டாக்டரு உன்ன சைவமா மாத்தி வடலூருல கொண்டுபோய் வுடப்போறாரா? மீன்காரன் வூட்டுப் பொண்ணு!" என்று சிரித்துவிட்டு, நான்கு முட்டையை அங்கேயே அவித்து அவரே தின்றார்.

எங்கள் ஊரின் அன்பு முழுவதும் எனக்குப் பாஸ்பேட்டாகவே வந்து சேர்ந்தது. யார் மேலும் கோபப்படவும் முடியவில்லை.

விடுதிக்குத் திரும்பியதும் பட்டியலை ஒரு எழுத்துக்கூடப் பிசகாமல் பின்பற்றினேன். சாம்பார் இல்லை, தயிர் இல்லை. வெறும் இட்லி, வெறும் சோறு. தொட்டுக்கொள்ள அம்மா வாரம் ஒரு பாட்டில் பூண்டுப் பொடி அனுப்பினாள். பூண்டு, மிளகாய், கறிவேப்பிலை. உப்பு பெயருக்கு. சிதம்பரம் பஸ்ஸில் வரும் தெரிந்தவர் யாரிடமாவது கொடுத்தனுப்புவாள். வேறு எதுவும் இறங்காத அந்த நாட்களில் அதை மட்டும் நாலைந்து கரண்டி குவித்துக்கொண்டு சாப்பிட்டேன்.

மாத்திரையை மட்டும் உணவுக்கூடத்தில் எடுக்கவில்லை. நூறு பெண்கள் நடுவே பெரிய வெள்ளை மாத்திரையைக் கடிக்க வெட்கம். என்ன நோய் என்று ஒருத்தி கேட்டால் சாயங்காலத்துக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிடும். கடலோரக் குப்பத்திலிருந்து வந்து வகுப்பில் முதலில் நிற்கிறவள் என்ற பெயர், நோயாளி என்ற பெயராகிவிடும். சாப்பிட்டு அறைக்கு வந்து, ஒரு மணி நேரம் கழித்து, கதவைச் சாத்திக்கொண்டு விழுங்கினேன். வேதியியல் படித்தவள் இல்லையா, அதற்கொரு நியாயமும் கண்டுபிடித்தேன். சோதனைக்குழாயில் கால்சியத்தை எப்போது விட்டாலும் பாஸ்பேட் படியத்தானே செய்யும்!

அடுத்த பரிசோதனையில் 7.9.

மருத்துவர் கண்ணாடியைக் கழற்றினார். "உன் கிட்னி இருக்குற நிலைமைக்கு இது ரொம்ப ஜாஸ்தி. நீ ஏதோ சாப்புடுற."

"சத்தியமா இல்ல மேடம்."

"அப்ப கண்டுபிடி."

நான் சாப்பிடுவது எல்லாவற்றையும் ஆய்வகத்துக்குக் கொண்டுபோனேன். பொருளைச் சாம்பலாக்கி, அமிலத்தில் கரைத்து, வடிகட்டி, மாலிப்டேட் கரைசலையும் இன்னொரு கரைசலையும் சேர்த்தால், பாஸ்பேட் இருக்கும் இடத்தில் நீலம் பிறக்கும். எவ்வளவு பாஸ்பேட்டோ அவ்வளவு நீலம். விடுதிச் சோறு, இட்லி, ரசம், பொடி. வரிசையாகக் குழாய்களை நிறுத்தினேன். சோறு இளநீலம். இட்லி அதைவிடச் சற்றுக் கூடுதல். ரசம் ஏறக்குறைய தண்ணீர். பூண்டுப் பொடி மட்டும், நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, கருநீலமாகியது. பேனா மையைக் கொட்டியதுபோல.

கை தவறியிருக்கும் என்று மறுபடி செய்தேன். மறுபடியும் அதே நீலம். பூண்டுக்கும் மிளகாய்க்கும் இவ்வளவு வராது. பாட்டிலைத் திறந்து, பொடியை வெள்ளைத்தாளில் கொட்டி, லென்ஸ் வைத்துப் பார்த்தேன். செந்நிறப் பொடியில் வெள்ளை வெள்ளையாக, மயிரிழை போன்ற துணுக்குகள். மீன்முள்.

அன்று மதியம் கெண்டைக்கால் இரண்டும் முறுக்கிக்கொண்டு, ஆய்வகத் தரையிலேயே வாந்தி எடுத்தேன். என் அறைத்தோழி கலைச்செல்விதான் ஆட்டோவில் ஏற்றி மருத்துவமனையில் சேர்த்தாள். அவள் கீரப்பாளையம் பக்கம், நெல் விவசாயக் குடும்பம். எனக்கு என்ன நோய் என்பது அன்றைக்குத்தான் அவளுக்கே தெரியும். கட்டிலருகில் நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எங்கப்பா சம்பாக்கு டி.ஏ.பி. உரம் மூட்ட மூட்டையா காசு குடுத்து வாங்கிப் போடுறாரு. அதுலயும் பாஸ்பேட்தானே? உனக்கு ஓசியிலயே ஏறுது பாருடி" என்றாள். சேலைன் ஊசி குத்தியிருந்த கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். சிரிப்பு நடுவிலேயே அழுகையாகிவிட்டது.

மறுநாள் காலை அம்மா வந்தாள். மீன்கூடை வாசம் போகக் குளித்து, நல்ல புடவை கட்டி, கையில் புதிதாக ஒரு பாட்டில் பொடியோடு.

"இதுல இன்னா போட்ட?"

அம்மா பாட்டிலைக் கட்டிலோரம் வைத்தாள்.

"இன்னா போட்டன்னு கேக்குறேன்ல!"

"நெத்திலி" என்றாள். "கொஞ்சமாத்தான் பாப்பா. நீ உப்பு ஆகாதுன்ன. அதான் உப்புக் கருவாட்டத் தொடவே இல்ல. உப்பே போடாம மணல்ல காயவெச்ச நெத்திலி. மூணு தண்ணி வுட்டு அலசி, வறுத்து, முள்ளோட இடிச்சேன். எலும்புக்கு மாத்திர துன்றேன்னியே. மெலிஞ்சு போன புள்ளைங்களுக்கு நாங்க அப்படித்தான குடுப்போம். வாசம் தெரிஞ்சா நீ வாணாம்பேன்னு பூண்ட ஜாஸ்தியா போட்டேன்."

நெத்திலி வாசம் எனக்கே தெரியாமல் போயிருந்தது. நாக்கை நோய் அவ்வளவு மழுங்கடித்திருந்தது. அந்தப் பயமெல்லாம் கோபமாகத் திரண்டு வந்தது.

"என்னக் கொல்லப் பாத்தியா? முள்ளு முழுக்க கால்சியம் பாஸ்பேட்! படிக்காத ஜனங்களுக்கு ஒண்ணுமே தெரியாது. என்னக் கேட்டியா?"

எட்டுக் கட்டில்கள் உள்ள வார்டு. மற்ற ஏழும் திரும்பிப் பார்த்தன. அம்மா புதுப் பாட்டிலை எடுத்துக்கொண்டு போய்க் குப்பைக்கூடையில் போட்டாள். கொட்டாமல், உடையாமல், மெதுவாக வைத்தாள். வந்து கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்தாள். 'என்னக் கேட்டியா?' என்று அவள்மேல் எறிந்திருந்தேன். சீட்டைப் படித்துச் சொல் என்று அவள் ஊரிலேயே கேட்டாள், நான்தான் சொல்லவில்லை. அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

எட்டு நாள் அங்கே கிடந்தேன். காலையில் ரத்தம் எடுப்பார்கள். பகல் முழுவதும் முடிவுக்காகக் காத்திருக்க வேண்டும். தள்ளுவண்டிச் சக்கரம் கிறீச்சிடும்போதெல்லாம் என் சீட்டுதான் வருகிறதோ என்று வாசலைப் பார்ப்பேன். கையை எக்ஸ்ரே எடுத்தார்கள். ரத்தக் குழாயில் சுண்ணாம்பு படிந்திருந்தால் விரல்களுக்கு நடுவே வெள்ளைக் கோடாகத் தெரியும் என்றார்கள். படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து மருத்துவர் பார்த்துக்கொண்டிருந்த அந்த அரை நிமிடத்தில், நான் படித்த எல்லாப் பாடத்தையும் மறந்துவிடத் தயாராக இருந்தேன்.

"கோடு எதுவும் இல்ல. இதுவரைக்கும் தப்பிச்ச" என்றார்.

ஆனால் ஏழாம் நாள் ரத்தத்தில் பாஸ்பரஸ் 7.6. பொடியை நிறுத்தி ஒரு வாரம் ஆகியும் அவ்வளவுதான் இறங்கியிருந்தது.

"மாத்திரைய சாப்பாட்டோட மென்னுதானே சாப்புடுற?"

"ஆமா மேடம்."

அவர் என் நோட்டில் ஒரு தேதி எழுதினார். ஒரு மாதம் கழித்து இடது கையில் ஒரு சிறிய அறுவை. தமனியையும் சிரையையும் இணைத்து வைத்துவிட்டால் சிரை தடித்து, டயாலிசிஸ் ஊசி போட வழியாகும். அது தேறி ஊசிக்குத் தயாராகவே வாரக்கணக்காகும் என்பதால் முன்கூட்டியே செய்கிறார்கள். "அதுக்குள்ள இறங்குச்சுன்னா தள்ளிப் போடலாம்" என்றார். தேதியைப் பார்த்ததும் என் இடது கை எனக்குச் சொந்தமில்லாததுபோல ஆகிவிட்டது.

அன்று மதியம் அம்மா தட்டில் சோறு வைத்தாள். நான் சாப்பிட்டேன். பக்கத்துக் கட்டில் பெண் எழுந்து போகும்வரை படுத்திருந்தேன். பிறகு தலையணைக்கு அடியிலிருந்து மாத்திரையை எடுத்து விழுங்கினேன். விடுதிப் பழக்கம் வார்டிலும் தொடர்ந்திருந்தது.

அம்மா தரையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சத்தம் போட்ட நாளிலிருந்து என்னிடம் அதிகம் பேசாதவள், மெதுவாகக் கேட்டாள். "கோச்சுக்காத. அந்த மாத்திர எலும்புக்கில்லன்னா, உள்ளார போய் இன்னாதான் பண்ணுது?"

முதல் முறையாக அவளுக்குச் சொன்னேன். "சோத்துலயும் மீன்லயும் பாஸ்பேட்னு ஒண்ணு இருக்கும்மா. நல்ல கிட்னி இருந்தா ஜாஸ்தியானத வெளிய தள்ளிடும். எனக்குத் தள்ளாது. அதான், சாப்புடும்போதே இந்த மாத்திர வயித்துல அதப் புடிச்சிக்கும். ரத்தத்துல கலக்க வுடாம வெளிக்கிப் போவும்போது இழுத்துனு போயிடும்."

"வலை மாதிரி."

"ஆமா. வலை மாதிரி."

அம்மா தரையிலிருந்து எழுந்து கட்டிலோரம் உட்கார்ந்தாள்.

"அப்ப நீ ஏன் பாப்பா மீனு போனப்புறம் வலைய வுடுற?"

நான் தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தேன்.

"ஆறு நாளா பாக்குறேன். சோறு துன்னு, படுத்து, அந்தப் பொண்ணு போனப்புறம்தான் முழுங்குற. கடிக்கக்கூட மாட்டேன்ற. உங்கப்பா அப்படி வலை வுட்டா நாம இன்னா வித்திருப்போம்?"

அதில் குத்தல் இல்லை. தொழில் தெரிந்தவள் கேட்கும் கேள்வி அது. சோதனைக்குழாய்க்கு அடி உண்டு, எங்கும் ஓடாது. வயிறு அப்படியல்ல, உணவு நகர்ந்துகொண்டே இருக்கிறது. இதைப் பள்ளிக்கூடம் போகாதவள் கடலைப் பார்த்தே தெரிந்து வைத்திருந்தாள். அவளுடைய நெத்திலி எனக்குத் தெரியாமல் உள்ளே போயிற்று. என் மாத்திரை எனக்குத் தெரிந்தே வீணாயிற்று. வார்டு முழுக்கக் கேட்கும்படி நான் கத்தியது யாரை என்று அப்போதுதான் விளங்கியது.

மாலை சுற்றில் மருத்துவரிடம் உண்மையைச் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் அம்மாவைப் பார்த்து, "நீங்கதான் கண்டுபுடிச்சீங்களா?" என்று மட்டும் கேட்டார். அம்மா புடவைத் தலைப்பைச் சரி செய்துகொண்டாள்.

அந்த ஒரு மாதம் என் வாழ்க்கையிலேயே நீளமான மாதம். ஒவ்வொரு கவளத்தையும் பயந்து பயந்து விழுங்கினேன். பூண்டுப் பொடி மீண்டும் வந்தது, பூண்டும் மிளகாயும் கறிவேப்பிலையும் மட்டுமாக. நம்பாமல் அதையும் ஆய்வகத்தில் சோதித்தேன். இளநீலம். சோதித்ததை அம்மாவிடம் சொன்னபோது கோபிக்கவில்லை. "ஒவ்வொரு பாட்டிலையும் பாரு" என்றாள்.

பரிசோதனை நாளன்று அம்மா மீன் ஏலத்துக்குப் போகாமல், கடலூரிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்துவிட்டாள். சீட்டு கைக்கு வந்தது. மடித்திருந்த அதைப் பிரிக்காமல் மடியில் வைத்திருந்தேன். அம்மாதான் பிரித்து என்னிடம் நீட்டினாள்.

"எவ்ளோ?"

"அஞ்சு புள்ளி மூணு."

"அது நல்லதா?"

"இன்னும் ஜாஸ்திதான். ஆனா எறங்கியிருக்கு."

மருத்துவர் நோட்டிலிருந்த அறுவைத் தேதியைக் குறுக்காக அடித்தார். "இப்போதைக்கு வேணாம்" என்றார். 'இப்போதைக்கு' என்ற சொல்லுக்குள்தான் இன்றுவரை குடியிருக்கிறேன். ஒவ்வொரு மாதமும் அதே வரிசை, அதே ஊசி, அதே உள்ளங்கை வியர்வை. ஒரு நாள் அந்தத் தேதி மீண்டும் எழுதப்படும் என்பது எனக்குத் தெரியும்.

அன்று அம்மாவை விடுதி உணவுக்கூடத்துக்கு அழைத்துக்கொண்டு போனேன். நீள மேசையில் பெண்கள் நடுவே உட்கார்ந்தோம். சோறு விழுவதற்கு முன்பே மாத்திரையை எடுத்துத் தட்டின் விளிம்பில் வைத்தேன். எதிரே இருந்த பெண் பார்த்தாள். "என்ன மாத்திரைக்கா அது, இவ்ளோ பெருசா?"

"எனக்குக் கிட்னியில நோய் இருக்கு. இது அதுக்கு" என்றேன்.

பரிமாறினார்கள். இரண்டு கவளம் உண்டு, மாத்திரையை வாயில் போட்டுக் கடித்தேன். அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் அம்மா தன் சோற்றில் கை வைத்தாள்.